ஒரு நூல், இரண்டு ஊசி: எர்மெஸ் பட்டறையின் கணக்கு

குதிரை வண்டிக் காலத்தில் ஒரு தையல் பிரிந்தால் உயிர் போகும். இரட்டைக் குதிரை பூட்டிய வண்டி வேகமெடுத்து ஓடும்போது, இழுவை வார் ஒரு பக்கம் விட்டுப்போனால் பாரம் முழுவதும் மறுபக்கம் சாயும். குதிரை மிரளும், வண்டி குடைசாயும். வார் நடுத்தோலில் அறுவது அபூர்வம். வளையம் மாட்டவோ கொக்கி கோக்கவோ மடித்துத் தைத்திருக்கும் இடத்தில்தான் விட்டுப்போகும். வியர்வையும் மழையும் சேறும் இழுப்பும் ஒன்றாக வந்து சேர்வது அங்கேதான். 1837இல் பாரீஸில் தியெரி எர்மெஸ் திறந்த பட்டறை விற்றது அடிப்படையில் இந்தத் தையலின் உறுதியை. குதிரை வண்டி போய்விட்டது, வாடிக்கையாளர்கள் மாறிவிட்டார்கள், விற்கும் பொருள் கைப்பையாகிவிட்டது. தையல் மட்டும் அப்படியே இருக்கிறது. எர்மெஸ் பைகளின் விலையையும் அவற்றுக்கான காத்திருப்பையும் வெறும் விளம்பரத் தந்திரம் என்று பலர் எழுதுகிறார்கள். தந்திரமும் உண்டுதான். ஆனால் பட்டறைக்குள் நடப்பதைப் பார்க்காமல் அந்தத் தந்திரம் ஏன் பலிக்கிறது என்பது புரியாது.

தியெரி பிறந்தது 1801இல், கிரேஃபெல்ட் என்ற ஊரில். இன்றைக்கு அது ஜெர்மனியில் இருக்கிறது. அன்று ரைன் ஆற்றின் இடது கரை முழுவதும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், பிறப்பாலேயே அவர் பிரெஞ்சுக் குடிமகன். தந்தை விடுதி நடத்தியவர். இளம் வயதிலேயே குடும்பத்தை இழந்த தியெரி, 1820களில் பிரான்சுக்கு வந்து நார்மண்டியில் பொன்-ஒதுமேர் என்ற ஊரில் வார்த்தொழில் கற்றார். தோல் பதனிடுவதற்குப் பேர்போன ஊர் அது. தோல் எங்கிருந்து வருகிறது, விலங்கின் முதுகுத் தோலுக்கும் வயிற்றுத் தோலுக்கும் இழுப்பில் என்ன வேறுபாடு, ஈரத்தில் எது நீளும், எது நீளாது என்பதையெல்லாம் பதனிடும் தொட்டிக்குப் பக்கத்திலேயே கற்க முடிந்தது. பாரீஸுக்கு வந்தபோது அவர் கையில் இருந்த மூலதனம் இந்த அறிவுதான்.

மதலேன் ஆலயத்துக்கு அருகில், பாஸ் து ராம்பார் தெருவில் அவருடைய முதல் பட்டறை இருந்தது. வண்டிக் குதிரைக்கான வார், கடிவாளம், கழுத்துப்பட்டை இவைதான் சரக்கு. சொந்த வண்டி வைத்திருந்த சீமான்கள்தான் வாடிக்கை. 1867 பாரீஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய வேலைக்குப் பதக்கம் கிடைத்தது. 1878இல் இறந்தார். அவர் மகன் ஷார்ல்-எமில் 1880இல் பட்டறையை ஃபோபூர் சேந்தொனோரே தெரு 24ஆம் எண்ணுக்கு மாற்றினார். தலைமைக் கடை இன்றும் அங்கேதான் இருக்கிறது. மகன் செய்த பெரிய மாற்றம், சேணமும் செய்யத் தொடங்கியது. சேணம் குதிரையின் முதுகுக்கும் ஏறுபவரின் உடலுக்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டிய பொருள். வாங்குபவர் நேரில் வந்தாக வேண்டும். பட்டறையோடு கடையும் சேர்ந்தது அப்படித்தான்.

இனித் தையல்.

சேணத் தையலுக்கு வேண்டியவை அதிகமில்லை. லினன் நூல், தேன்மெழுகு, முனை மழுங்கிய இரண்டு ஊசிகள், சாய்சதுர முனை கொண்ட குத்தூசி, பல்வரிசை உள்ள குறியிடும் முள், தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொள்ளும் நீண்ட மரக்கவ்வி. தைக்க வேண்டிய தோல் விளிம்புகளை முதலில் உட்புறமாகச் சீவி மெல்லிதாக்குவார்கள். இரண்டு மூன்று அடுக்கு சேரும் இடம் தடித்துவிடாமல் இருக்கத்தான் இந்தச் சீவல். பிறகு ஒட்டி, விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல் முள்ளை வைத்துத் தட்டிக் குறியிடுவார்கள். குறி மேல்தோலில் மட்டும் பதியும், துளைக்காது. சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று, நான்கு தையல் வரும்.

நூலைத் தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்குக்கு வெட்ட வேண்டும். கணக்குத் தப்பி நடுவில் முடிந்துவிட்டால் ஒட்டுப் போட வேண்டிவரும். ஒட்டுப் போட்ட இடம் தெரியும். நூலைத் தேன்மெழுகில் பலமுறை இழுத்து, இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி கோத்துக்கொள்வார்கள். குத்தூசியால் ஒரு குறியைத் துளைத்தவுடன் ஒரு பக்கத்து ஊசி உள்ளே நுழையும். அது மறுபக்கம் வெளிவந்ததும் எதிர்ப்பக்கத்து ஊசி அதே துளைக்குள் எதிர்த்திசையில் போகும். இரு கைகளையும் விரித்துச் சம விசையில் இழுத்து இறுக்க வேண்டும். அடுத்த குறி, மறுபடி அதே வேலை. ஊசிகளையும் குத்தூசியையும் கையிலிருந்து கீழே வைப்பதே இல்லை. வரிசை முடிந்ததும் இரண்டு மூன்று தையல் பின்னோக்கித் தைத்து நூலை அறுத்துவிடுவார்கள்.

இயந்திரத் தையலிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. இயந்திரத்தில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. இரண்டும் தோலின் தடிமனுக்கு நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். எந்த நூலும் மறுபக்கத்துக்குப் போவதில்லை. மேல்நூல் ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால் கீழ்நூலுக்குப் பிடிமானம் போய்விடும். இழுக்க இழுக்க வரிசையாக உருவிக்கொண்டு வரும். சேணத் தையலில் ஒரே நூலின் இரு பாதிகளும் ஒவ்வொரு துளையையும் கடந்து போகின்றன. வெளியே தெரியும் ஓர் இழை அறுந்தாலும் அடுத்த துளையில் மறுபாதி பிடித்துக்கொண்டிருக்கும். மெழுகு நூலைத் துளைச் சுவரோடு பற்றவைப்பதால் அறுந்த முனையும் எளிதில் நழுவாது. ஓர் இழை போனாலும் வண்டி வீடு வந்து சேரும்.

இந்த வேலை கெட்டுப்போகும் விதங்களும் திட்டமானவை. குத்தூசி செங்குத்தாகப் போகாமல் சற்றே சாய்ந்தால் முன்பக்க வரிசை நேராக இருக்கும், பின்பக்க வரிசை பாம்பாக நெளியும். எந்த ஊசி முதலில் நுழைகிறது என்ற ஒழுங்கு ஓரிடத்தில் மாறினால் அந்த ஒரு தையலின் சாய்வு மட்டும் தலைகீழாகத் தெரியும். இரண்டாவது ஊசி துளைக்குள் ஏற்கெனவே இருக்கும் நூலைக் குத்தி ஊடுருவினால் நூல் பிளந்து இறுகாமல் நிற்கும். அதைக் கழற்றவும் முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் தோல் சுருங்கும். விசை குறைந்தால் தையல் தளர்ந்து நிற்கும். இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் திருத்த வழியே கிடையாது. துளை போட்டது போட்டதுதான். அதனால்தான் நல்ல கையாக ஒருவர் தேறுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கின்றன.

இந்தப் பட்டறை கார் யுகத்தைத் தாண்டிப் பிழைத்ததற்கு மூன்றாம் தலைமுறையின் எமில்-மோரிஸ் எர்மெஸ்தான் காரணம். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுக் குதிரைப்படைக்குத் தோல் வாங்க வட அமெரிக்கா போனவர், அங்கே காரின் துணிக்கூரையை இழுத்து மூடும் ஜிப்பைப் பார்த்தார். ஊர் திரும்பி, அதைப் பிரான்சில் பயன்படுத்தும் தனியுரிமையைப் பெற்றார். 1920களில் தோல் பையிலும் தோல் சட்டையிலும் ஜிப் வந்தது. சில காலம் பாரீஸ் தையல்காரர்கள் ஜிப்பை எர்மெஸ் பூட்டு என்றே அழைத்தார்கள். காரில் எடுத்துப்போக வசதியான ஜிப் பை ஒன்று 1923இல் வந்தது. பிறகு அதற்கு பொலீத் என்று பெயர். குதிரை குறையும், கார் பெருகும், பயணம் மட்டும் நிற்காது என்று அவர் கணித்தார். அதே சேணக்காரர்களை, அதே தையலை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினார். என் கணிப்பில், இந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான முடிவு இதுதான். பின்னால் வந்த புகழ்பெற்ற பைகள் எல்லாம் இதன் வட்டி.

அந்தப் பைகளின் வம்சாவளியும் லாயத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1900 வாக்கில், சேணத்தையும் சவாரிக் காலணியையும் போட்டு எடுத்துப்போக உயரமான பை ஒன்று செய்தார்கள். வாரால் இழுத்துக் கட்டும் மேல்மடிப்பு, சுழல் பூட்டு, இரண்டு கைப்பிடி என்று அதில் இருந்த அமைப்பு பிறகு வந்தவற்றிலெல்லாம் இருக்கிறது. 1930களில் எமில்-மோரிஸின் மருமகன் ரொபேர் துமா அதே இலக்கணத்தில் பெண்களுக்கு ஒற்றைக் கைப்பிடிப் பை ஒன்றை வரைந்தார். 1956இல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி கர்ப்பமாக இருந்தபோது வயிற்றுக்கு முன்னால் அந்தப் பையைப் பிடித்தபடி எடுத்த படம் உலகம் முழுக்கப் பரவியது. கெல்லி என்ற பெயரை நிறுவனம் முறையாகச் சூட்டியது 1977இல். பிர்கின் வந்தது 1984இல். ரொபேர் துமாவின் மகன் ஜான்-லூயி துமா பாரீஸ்–லண்டன் விமானத்தில் நடிகை ஜேன் பிர்கினுக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அவருடைய பிரம்புக் கூடையிலிருந்து பொருள்கள் சரிய, தாய்மார்களுக்கு ஏற்ற பெரிய பை இல்லையென்று அவர் சொல்ல, வாந்திப் பையின் மேலேயே முதல் வரைபடம் போட்டார்கள். ஜேன் பிர்கினுக்காகச் செய்த அந்த முதல் பை 2025 ஜூலையில் பாரீஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவை ஒட்டி விலைபோனது.

ஒரு கெல்லியோ பிர்கினோ செய்ய ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் ஆகும். முதலையின் தோல் என்றால் இன்னும் கூடும். ஒரு பையைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருவரே செய்கிறார். செய்தவரின் அடையாளக் குறியும் ஆண்டைச் சுட்டும் எழுத்தும் உள்ளே பதிந்திருக்கும். கெல்லியில் இரண்டு வகைக் கட்டுமானம் உண்டு. செலியே வகையில் தையல் வெளியே தெரியும், ஓரங்கள் கூர்மையாக, பெட்டிபோல் விறைப்பாக நிற்கும். ரெதூர்னே வகையை உட்புறம் வெளியே தெரியத் தைத்து, முடித்தபின் உள்ளே திருப்புவார்கள். அந்தத் திருப்பல்தான் அபாயமான கட்டம். தோல் போதிய அளவு இளகாமல் மூலையை அழுத்தினால் மேல்பரப்பு வெடிக்கும், அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். அதனால் விறைப்பான தோலைச் செலியேவுக்கும், டோகோ போன்ற, மேல்பரப்பு மணிமணியாக உள்ள மென்மையான தோலை ரெதூர்னேவுக்கும் ஒதுக்குவது பொதுவான வழக்கம்.

கைப்பிடிக்கு மட்டும் சில மணி நேரம் போகும். பல அடுக்குத் தோலை வளைத்து வைத்துத் தைத்து, விளிம்பைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, சாயமிட்டு, சூடான இரும்பால் மெழுகு ஏற்றி, மறுபடி தேய்த்து, மறுபடி சாயம். அடுக்குகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே துண்டாகத் தோன்றும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். பூட்டின் உலோகப் பட்டயங்களுக்குத் திருகாணி கிடையாது. சிறு ஆணியைத் தோலின் வழியே பட்டயத் துளையில் ஏற்றி, வெளியே ஒரு மில்லிமீட்டர் அளவு நிற்கும்படி நறுக்கி, குழிவான முனையுள்ள கருவியை அதன் தலையில் வைத்துச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுவார்கள். ஆணித்தலை முத்துபோல் உருண்டு பட்டயத்தைப் பிடித்துக்கொள்ளும். திருகாணியானால் அசைவில் தளரும்; இது தளராது. நறுக்குவது கொஞ்சம் நீளமாகிவிட்டால் தலை ஒருபக்கம் சரிந்து துணியைக் கிழிக்கும், குட்டையானால் பிடிப்பே இருக்காது.

எல்லாமே கைத்தையல் என்று சொல்வது மிகை. உள்பையின் ஜிப், சில புறணித் தையல்கள் இயந்திரத்தில்தான் போடப்படுகின்றன. பாரம் இழுக்கும் இடங்களில்தான் சேணத் தையல்; அது நியாயமான பிரிவு. இதைத் தெரியாமல், உள்ளே இயந்திரத் தையலைப் பார்த்ததும் போலி என்று முடிவுகட்டுவோர் உண்டு. வெளியே சாய்ந்த தையல் இருந்தால் அசல் என்று நம்புவோரும் உண்டு. சாய்வை இயந்திரத்திலும் வரவழைக்கலாம், கைத்தையல் தெரிந்த போலிப் பட்டறைகளும் இருக்கின்றன. தையலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கைத்தையலின் நடைமுறைப் பயன் பழுதுபார்க்கும்போது தெரியும். நூலை அறுத்தெடுத்து அதே துளைகளில் புதிய நூலால் தைத்துவிடலாம். கைப்பிடியையோ வாரையோ கழற்றி மாற்றலாம். தோலே போய்விட்டால்தான் சிக்கல். வழவழப்பான பாக்ஸ் கன்றுத்தோலில் நீர்த்துளி பட்டால் சிறு கொப்புளம்போல் எழும்பும், நகக் கீறல் பளிச்சென்று தெரியும். ஆனால் மெருகேற்றி அதைப் பெருமளவு தணிக்கலாம். அச்சு அழுத்திய எப்சம் தோல் கீறலைத் தாங்கும், வடிவம் குலையாது. அதன் மூலையில் அச்சு தேய்ந்துவிட்டால் மட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது. டோகோ இரண்டுக்கும் நடுவில்: கீறல் தெரியாது, ஆனால் பாரத்தில் தொய்யும்.

பட்டுத்துணி பற்றியும் கொஞ்சம். 1937இல் தொடங்கிய சதுரக் கழுத்துத்துணியின் அளவு 90க்கு 90 சென்டிமீட்டர். முறுக்குநெசவுப் பட்டு, எடை 65 கிராம் அளவில். முதல் வடிவமே குதிரை பூட்டிய பொதுவண்டிகளின் படம். அச்சிடுவது லியோன் பகுதியில். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை வேண்டும். 30 வண்ணம் என்றால் 30 திரை, நீண்ட மேசையில் ஒவ்வொன்றாக. ஒரு திரை இம்மி நகர்ந்தாலும் வண்ணங்களுக்கு இடையே வெள்ளைக் கீற்று விழும். ஓரத்தை முகப்புப் பக்கமாக விரலால் உருட்டிக் கையால் தைக்கிறார்கள். இயந்திரத்தில் தைத்தால் ஓரம் தட்டையாக விழுந்துவிடும். இன்று உலகறிந்த ஆரஞ்சுப் பெட்டி இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் வந்தது. வழக்கமான வெளிர்நிற அட்டை கிடைக்காமல், கிடைத்த ஆரஞ்சு அட்டையில் செய்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

இந்த மெதுவான தொழிலைப் பங்குச்சந்தை எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? உடைமை அமைப்புதான் பதில். எர்மெஸ் 1993இல் பங்குச்சந்தைக்கு வந்தது. ஆனால் அது சாதாரணக் கூட்டுப்பங்கு நிறுவனமல்ல. பிரெஞ்சுச் சட்டத்தில் உள்ள, இருவகைப் பங்காளிகள் கொண்ட அமைப்பு. பணம் போட்ட பங்குதாரர்கள் ஒரு வகை. நிர்வாகத்தை அமர்த்தும் உரிமையுள்ள பங்காளி இன்னொரு வகை. அது குடும்பத்தின் கையில் உள்ள தனி நிறுவனம். அதாவது, சந்தையில் பெரும்பான்மைப் பங்கை வாங்கிவிட்டாலும் நிர்வாகத்தை மாற்றிவிட முடியாது.

2010 அக்டோபரில் இதற்குச் சோதனை வந்தது. பெர்னார் ஆர்னோவின் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்எச், எர்மெஸில் 17 சதவீதப் பங்கு தன்னிடம் இருப்பதாகத் திடீரென்று அறிவித்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும் என்ற விதிக்குச் சிக்காமல், வங்கிகளோடு போட்ட ஒப்பந்தங்கள் வழியே சேர்த்த பங்குகள் அவை. பிரெஞ்சுச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2013இல் எல்விஎம்எச்சுக்கு 80 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதற்குள் எர்மெஸ் வாரிசுகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, எர்மெஸின் மொத்தப் பங்கில் 50 சதவீதத்துக்கு மேல் ஒரு தனி நிறுவனத்தில் இட்டு, 20 ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்று பூட்டிவிட்டார்கள். 2014 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. 23 சதவீதத்தைத் தொட்டிருந்த தன் பங்கை எல்விஎம்எச் தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் எர்மெஸின் சந்தை மதிப்பு எல்விஎம்எச்சையே தாண்டியது. எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களை வைத்திருக்கும் குழுமத்தை ஒற்றைப் பெயர் மிஞ்சியது.

எல்லாமே பெருமைக்குரியதல்ல. முதலைப் பண்ணைகளில் விலங்குகளை நடத்தும் விதம் குறித்து 2015இல் விலங்குநல அமைப்பு வெளியிட்ட படங்களைப் பார்த்து, முதலைத் தோல் பையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி ஜேன் பிர்கினே கேட்டார். விசாரணை நடத்தி நடவடிக்கை எடுத்ததாக நிறுவனம் விளக்கிய பிறகே சமாதானமானார். விற்பனை முறை பற்றிய புகாரும் பழையது. பிர்கின் வேண்டுமென்றால் முதலில் வேறு பொருள்களை வாங்கிக் குவிக்க வேண்டியிருக்கிறது என்று 2024 மார்ச்சில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். 2025இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி குற்றமில்லை என்பது வேறு. யாருக்குப் பை கிடைக்கும் என்பதற்கு வெளிப்படையான வரிசை இல்லாதது வாங்குபவரை அலைக்கழிப்பதுதான்.

இருந்தாலும் பற்றாக்குறை முழுக்கச் செயற்கை என்ற வாதம் கணக்கில் நிற்காது. பிரான்சில் சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேர வேலை. ஒரு பைக்கு 15 மணி என்று குறைத்தே வைத்தாலும் ஒருவர் வாரத்துக்கு இரண்டு பை முடிப்பார். 250 பேர் உள்ள பட்டறையில், ஒருவரும் விடுப்பெடுக்காமல், ஒரு துண்டும் கழிவாகாமல் வேலை நடந்தால் வாரத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம். பட்டறையைப் பெரிதாக்கலாமே என்றால், ஒருவர் கையை ஒருவர் அறிந்து பிழை பிடிக்கும் அளவைத் தாண்டக்கூடாது என்று ஓரிடத்தில் 300 பேருக்கு மேல் அவர்கள் போவதில்லை. அதனால் பட்டறையின் எண்ணிக்கைதான் கூடுகிறது. பிரான்சில் இப்போது தோல் வேலைக்கு மட்டும் இருபதுக்கும் மேல். புதியவருக்குப் பயிற்சி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. 2021இல் இதற்கென்றே அரசு அங்கீகாரத்தோடு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். கற்றுக்கொடுக்கத் தேர்ந்த கைகளைத் தையல் மேசையிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு புதிய பட்டறையும் முதலில் உற்பத்தியைக் குறைத்துத்தான் பிறகு கூட்டுகிறது. தோல் பொருள்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 6, 7 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது என்று நிறுவனம் சொல்லிவருவதற்கு இதுதான் காரணம். 2024இல் மொத்த விற்பனை 1,520 கோடி யூரோ. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தோலும் சேணமும் தந்தவை. சேணப் பட்டறை இன்றும் ஃபோபூர் சேந்தொனோரே 24ஆம் எண் கடையின் மாடியில் நடக்கிறது. அளவு கொடுக்க வருபவர் குதிரையின் முதுகளவையும் தர வேண்டும்.